பௌர்ணமியன்று அவர் போன ரோடு

உட்கார் என்றார்கள். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வாசலைத் தாண்டாதே, அடுப்பங்கரைக்குப் போகாதே, யார் வந்தாலும் எழுந்திருக்காதே, உட்கார். கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் நாளெல்லாம் நின்றபடி வேலை பார்த்துப் பழகியவள் நான். உட்கார்ந்தால்தான் எனக்குக் கால் வலிக்கும். எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் சோபாவைத் தள்ளிவைத்து, பிளாஸ்டிக் பாயை விரித்து, என்னைச் சுவரோரமாகச் சாய்த்துவிட்டார்கள். வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அழுது முடித்ததும் காப்பி குடித்துக்கொண்டே கல்யாண மண்டபம் கிடைக்காத கஷ்டத்தைப் பற்றிப் பேசினார்கள். நான் பாயின் ஓரத்து இழைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தேன். பாய் பாழாகிறது என்று யாரோ என் கையைப் பிடித்து மடியில் வைத்தார்கள்.

என் கணவர் ஒரு பௌர்ணமி விடியலில் இறந்துபோனார். போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது அவர் வேலை. காலை ஷிஃப்டுக்கு மோட்டார் சைக்கிளில்தான் போவார். அன்றைக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பினார். கடலோரமாகப் போகும் பெரிய ரோட்டை விட்டுவிட்டு, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய உள் ரோட்டில் போயிருக்கிறார். பழக்குலை ஏற்றிய லோரி ஒன்று மண்பாதையிலிருந்து ரோட்டுக்கு ஏறிய நேரத்தில் இவர் போய்ச் சேர்ந்திருக்கிறார். அவ்வளவுதான். நான் மருத்துவமனைக்குப் போனபோது முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. எழுப்பினால் எழுந்துவிடுவார் போலிருந்தது. எழுப்பிப் பார்த்தேன்.

அழுகை வந்தது. அழுகையைவிடப் பயம் அதிகமாக வந்தது என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மகள் அப்போதுதான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். தினமும் ரயிலில் போய் வருவாள். என் முழங்கால் இன்னும் எத்தனை வருடம் என்னை நிற்க விடும் என்று எனக்கே தெரியாது. கிடங்கின் ஆபீஸிலிருந்து மலர்வளையத்தோடு வந்த ஒரு பெண்தான் விஷயத்தைத் தெளிவாகச் சொன்னாள். வேலைக்குப் போகிற வழியில் ஒரு தொழிலாளி இறந்தால், மனைவி உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் ஓர் உதவித்தொகை உண்டு. சொந்தக் காரியமாகப் போன வழியில் இறந்தால் அது இல்லை. வேறொரு பென்ஷன் இருக்கிறது, ஆனால் அதற்குப் பல வருடம் சந்தா கட்டியிருக்க வேண்டும். என் கணவர் பாதி ஆயுளை லோரியில் தினக்கூலி உதவியாளாகக் கழித்தவர். அவருக்காக எந்த முதலாளியும் சந்தா கட்டியதில்லை. ஆக, எனக்கு இருந்தது ஒரே வாசல். அவர் வேலைக்குத்தான் போனார் என்பது அந்த வாசல்.

இதில் என்ன சந்தேகம் வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். சீருடை போட்டிருந்தார். சாப்பாட்டுப் பாத்திரம் மோட்டாரில் தொங்கியது. அந்த மனிதர் வேலைக்குப் போகாமல் வேறு எங்கே போவார்?

எட்டாம் நாள் முடிந்த மறுநாள், தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். நம்மவர். முப்பத்தைந்து வயதிருக்கும், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, என் கணவரின் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். வந்தவர் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருந்திருந்தால் எங்கள் வீட்டு ஆண்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். தமிழ்ப் பிள்ளை என்றதும் நாக்கு அவிழ்ந்துவிட்டது.

அவரிடம் பேசியது என் கணவரின் அண்ணன். நான் மாமா என்று கூப்பிடுவேன். பட்டறையில் லோரி ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த உள் ரோட்டோரம் ஒரு சின்ன முனீஸ்வரன் கோயில் இருக்கிறதே, அதைத் திறப்பது, கூட்டுவது, விளக்கேற்றுவது எல்லாம் அவர்தான். துக்க வீட்டில் புருஷனை இழந்தவள் அந்நிய ஆணிடம் பேசக் கூடாது, மூத்தவர்தான் பேச வேண்டும் என்பது வழக்கம். என்னை அறைக்குள் உட்கார வைத்துத் திரையை இழுத்துவிட்டார்கள். திரைக்குப் பின்னாலிருந்து எல்லாம் கேட்டது.

"வழக்கமா எந்த ரோட்டுல வேலைக்குப் போவாருங்க ஐயா?"

"எந்த ரோடா இருந்தா என்ன தம்பி, அவன் சாமி கும்பிடாம வேலைக்குப் போக மாட்டான். பௌர்ணமின்னா கேக்கவே வேணாம். அன்னிக்குப் பாருங்க, சீக்கிரமே கிளம்பிட்டான். எதுக்கு? நம்ம முனீஸ்வரனைப் பாக்கத்தான். கோயிலுக்கு வந்துக்கிட்டிருக்கும்போதுதான் இப்படி ஆயிப்போச்சு."

"அப்போ கோயிலுக்குப் போறதுக்காகத்தான் அந்த ரோட்டுல போனாரு?"

"ஆமா தம்பி, ஆமா. எழுதிக்குங்க. அவ்ளோ பக்தி அவனுக்கு."

நான் எழுந்துவிட்டேன். என் நாத்தனார் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "சும்மா இரு, பெரியவரு பேசட்டும்" என்றாள். அது நடந்திருக்கவே முடியாது. ஏனென்றால் என் கணவர் அந்தக் கோயிலில் காலெடுத்து வைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய திருவிழாவில் அன்னதானச் சமையலுக்கு கேஸ் தோம்பு கொண்டுவரும் பொறுப்பு என் கணவருடையது. கிடங்கில் திடீரென்று ஓவர்டைம் போட்டுவிட்டார்கள். இவர் தோம்போடு வந்து சேர்ந்தபோது பந்தியில் ஆட்கள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமாவுக்குக் கோபம். "வேலை வேலைன்னு அலையறவனுக்கு சாமி எதுக்குடா?" என்றார். கையில் மைக் இருந்ததும், மைக் ஓடிக்கொண்டிருந்ததும் அவருக்கு நினைவில்லை. செம்பனை மரங்கள் வரைக்கும் கேட்டது. என் கணவர் தோம்பை இறக்கி வைத்துவிட்டு, மோட்டாரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அண்ணன் வீட்டுக்கும் இல்லை, கோயிலுக்கும் இல்லை. தீபாவளிக்கு நான்தான் பலகாரத்தைத் தூக்கிக்கொண்டு தூது போவேன். இரண்டு பேருக்கும் ஒரே வயிற்றில் ஊறிய வீம்பு.

அதிகாரி கிளம்பும்போது மகள் கீழேவரை வழியனுப்பப் போனாள். திரும்பி வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"மா, அந்த ரோடு அப்பா வழக்கமா போற ரோடு இல்லையாம். கோயிலுக்காகச் சுத்திப் போனாருன்னா அது சொந்த விஷயம், வேலைக்குப் போற வழி இல்லன்னு ஆயிடுமாம். பெரியப்பா கையெழுத்துப் போட்டுட்டாரும்மா."

அந்த இரவிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாமா மீது வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. இறந்தவரின் புகழ் பாடுவது நம் ஊர் வழக்கம்தான். திருடனுக்குக்கூடத் துக்க வீட்டில் நல்ல பெயர் கொடுத்துவிடுவார்கள். ஆனால் இல்லாத பக்தியை ஏற்றிவிட்டு என் தலையில் கல்லைப் போட வேண்டுமா? அதைவிட மோசமான ஒன்று என்னை அரித்தது. கோயிலுக்கு இல்லையென்றால் அந்த ரோட்டில் எதற்குப் போனார்? துக்கம் கேட்க வந்த ஒருத்தி, "அந்தப் பக்கம் யாரு வீட்டுக்காவது போவாரோ?" என்று இழுத்தாள். அவளை முறைத்து அனுப்பினேன். ஆனால் அவள் போட்ட விதை என்னோடே படுத்துக்கொண்டது. புருஷன் செத்த வீட்டில் உட்கார்ந்து அவன்மேல் சந்தேகப்படுவதைப் போல அசிங்கம் வேறு இல்லை. நான் அந்த அசிங்கத்தில் சில நாள் இருந்தேன்.

பதினாறுக்கு முந்தைய நாள் அமாவாசை. காய்கறி வாங்க ஆள் அனுப்புகிறேன் என்றார்கள். எனக்குச் சுவர் நெருங்கி வருவது போலிருந்தது. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன். "பதினாறு முடியறதுக்குள்ள எங்க போறே?" என்று நாத்தனார் மாடியிலிருந்து கத்தினாள். "கத்தரிக்கா வாங்க" என்று நானும் கத்தினேன். அக்கம்பக்கத்தில் கதவுகள் திறந்தன. திறக்கட்டும் என்று போய்விட்டேன்.

பாசாரில் கத்தரிக்காய்க் கடைக்குப் பக்கத்துக் கடை மீன்கடை. அதன் அங்கிள் போர்ட் கிள்ளானிலிருந்து மீன் கொண்டுவருகிற கத்தோலிக்கர், எனக்குப் பல வருடப் பழக்கம். அன்றைக்கு அவர் அப்போதுதான் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன அங்கிள், இன்னிக்கு லேட்டு? அமாவாசைக்கு யாரும் மீன் வாங்க மாட்டாங்கன்னா?"

"அட நீ வேற. எங்களுக்கு அமாவாசை விரதம் இல்ல. ஆனா கடலுக்கு இருக்கே! அமாவாசை, பௌர்ணமி வந்தா ஆயிர் பாசாங் லா. விடியக்காலையில கடல்தண்ணி ரோட்டுக்கு ஏறிடும். முழங்கால் மட்டும் தண்ணி. வண்டியை எடுக்க முடியல, தண்ணி வடிஞ்சப்புறம்தான் வந்தேன்."

"எந்த ரோட்டுல அங்கிள்?"

"கடலோர ரோட்டுலதான். மோட்டார்காரனுங்க எல்லாம் உள்ளாற சுத்திப் போவானுங்க."

கத்தரிக்காயை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். பாசாருக்கு வெளியே நின்று வாய்விட்டு அழுதேன். அதுவரை அப்படி அழவில்லை.

என் கணவர் சில நாட்களில் வேலைக்குக் கிளம்பும் முன் சமையலறை ஜன்னலைத் திறந்து நிலவைப் பார்ப்பார். கல்யாணமான புதிதில் நான் அதைக் காதல் என்று நினைத்தேன். "என்ன, நிலா அழகா நானா?" என்று கேட்பேன். "நிலா நேரத்துக்கு வருது, காப்பிதான் வரல" என்பார். கிடங்கில் சேர்ந்த பிறகும் பார்த்தார், ஆனால் பார்த்துவிட்டு அவசரமாகக் கிளம்பினார். நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. கடைசி நாளும் ஜன்னலைத் திறந்தார். "இன்னிக்கு ஏறிடும்" என்று முணுமுணுத்தார். வெயில் என்று நினைத்துக்கொண்டு நான் புரண்டு படுத்தேன்.

பாசாரிலிருந்து அப்படியே கடலோர ரோட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். தண்ணீர் வடிந்து, ரோடு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் பிளாஸ்டிக் பாட்டில்களும் சேறும் மட்டும் ஒதுங்கிக் கிடந்தன. இதைக் காட்டினால் யார் நம்புவார்கள்? தண்ணீர் மறுபடி ஏற வேண்டும். அதுவும் பௌர்ணமியன்று, அதே நேரத்தில். ஆக நான் நிலவுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்தப் பதினைந்து நாளும் நான் மனுஷியாக இல்லை. வேலைக்குத் திரும்பினேன். கையுறைகளை அடுக்கும்போது தப்பும் தவறுமாக அடுக்கி சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் ஜன்னலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பிறை வளர்வது இவ்வளவு மெதுவாகவா? ஞாயிறு பத்திரிகைக்கு அவ்வப்போது கதை எழுதி அனுப்புகிற பழக்கம் எனக்கு உண்டு, நிலவை நானே எத்தனையோ முறை வர்ணித்திருக்கிறேன். அந்த மாதம் ஒரு வரி எழுத முடியவில்லை. ஏறித் தொலையேன் என்றுதான் தோன்றியது.

நிலவு நிறைந்த நாள்தான் முப்பதாம் நாளும். பௌர்ணமியில் இறந்தவருக்கு அடுத்த பௌர்ணமியில் படையல். விடிந்ததும் படைத்துவிட வேண்டும், நானே வந்து நடத்துகிறேன் என்று மாமா சொல்லியிருந்தார். அந்தப் படையலுக்கு நான் இல்லாமலிருந்தால் என்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும். மகளை எழுப்பினேன்.

"சோறு வடிச்சிடு. உன் மோட்டார் சாவியைக் குடு."

"மா, பெரியப்பா வர்ற நேரம். கேட்டா என்ன சொல்ல?"

"அப்பாவைத் தேடிப் போயிருக்காங்கன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

கடலோர ரோட்டுக்குப் போனபோது இன்னும் இருட்டு பிரியவில்லை. நிலவு கப்பல்துறைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. ரோடு காய்ந்து கிடந்தது. மோட்டார்களும் லோரிகளும் ஜோராகப் போய்க்கொண்டிருந்தன. இந்த மாதம் ஏறாதோ? அப்படியானால் அந்த மாதமும் ஏறவில்லை என்றாகிவிடுமா? நான் கடலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தண்ணீர் அந்தப் பக்கமிருந்து வரவில்லை. என் காலுக்குப் பக்கத்துச் சாக்கடை மூடியில்தான் முதலில் குமிழ் விட்டது. பிறகு ஒவ்வொரு மூடியாகக் கொப்பளித்தது. சத்தமே இல்லாமல், ரோட்டின் இரண்டு ஓரமும் நனைந்து நடுவில் வந்து சேர்ந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் என் கணுக்கால் மறைந்தது. கார்கள் தயங்கி நின்றன. மோட்டார்காரர்கள் திட்டிக்கொண்டே வண்டியைத் திருப்பினார்கள்.

நான் கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர், திரும்புகிற மோட்டார்கள், சீருடைச் சட்டைகள் எல்லாம் அதில் விழுந்தன. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. என்னோடு படுத்துக்கிடந்த அந்த அசிங்கமான சந்தேகத்தின் மிச்சமும் அந்தத் தண்ணீரிலேயே போயிற்று.

திரும்பியவர்களைப் பின்தொடர்ந்து நானும் வண்டியைத் திருப்பினேன். பெரும்பாலானவர்கள் முதல் சந்தில் நுழைந்தார்கள். அது துறைமுகத்துக்குக் குறுக்குவழி. சிலர் மட்டும் நேரே போய், அடுத்த ரோட்டைப் பிடித்தார்கள். அது இன்னும் சுற்று. அதில்தான் மாமாவின் கோயில் இருக்கிறது, என் கணவர் விழுந்ததும் அதில்தான். நான் அந்தச் சிலருக்குப் பின்னால் போனேன்.

கோயிலுக்குச் சற்று முன்னால், அவர் விழுந்த இடத்தில், ரோட்டோரப் புல்லில் ஓர் அகல் எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்குக் கிளம்பியவர், வழியில் இங்கே நின்றிருக்கிறார். பக்கத்தில் வாழையிலைக் கட்டும் பூவும் இருந்தன. என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது. படையலை விட்டுவிட்டு ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.

"வாம்மா. நீயும் வந்துட்டியா" என்றார். "நான் தினமும் வந்துடறேன். அன்னிக்கு நான் ஏழு மணிக்குத்தான் கோயிலைத் தொறந்தேன். கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா அவனைப் பாத்திருப்பேன். ரெண்டு வருஷம் கழிச்சு என்னைப் பாக்க வந்திருக்கான்மா. பௌர்ணமிக்கு நான்தான் தொறப்பேன்னு அவனுக்குத் தெரியும். சமாதானம் பேசத்தான் வந்திருக்கான். அந்த ஒண்ணை நெனச்சுத்தான் எனக்கு ராத்திரி தூக்கமே வருது."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அன்று அதிகாரியிடம் அவர் தம்பியின் பெருமையை அளந்துவிடவில்லை. தம்பி தன்னைத் தேடி வந்தான் என்று அவர் உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தார். மூன்று வாரமாக நான் அவரை மனத்துக்குள் வைத வசவெல்லாம் என் நெஞ்சிலேயே வந்து இடித்தது.

"சேலையெல்லாம் ஏம்மா நனைஞ்சிருக்கு?" என்றார்.

நான் பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது, கோபமும் உண்மையும் என்னிடம் ஒரே வழியாகத்தான் வெளியே வரும். "தண்ணி மாமா. பெரிய ரோட்டுல கடல்தண்ணி ஏறியிருக்கு. பௌர்ணமின்னா ஏறும்" என்றேன்.

எங்களைத் தாண்டி ஒரு மோட்டார் போயிற்று. பின்னாலேயே இன்னொன்று. வழக்கமாக வெறிச்சென்று கிடக்கும் ரோடு அது. எல்லோர் உடம்பிலும் சீருடை. ஒருவன் மட்டும் கோயிலைத் தாண்டும்போது கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்து நெற்றியில் தொட்டுக்கொண்டான். யாரும் நிற்கவில்லை. மாமா ஒவ்வொரு மோட்டாராகத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவனுங்கல்லாம் எங்கம்மா போறானுங்க?"

"வேலைக்கு மாமா."

அகலில் எண்ணெய் தீர்கிறவரை அவர் எழுந்திருக்கவில்லை. பிறகு வாழையிலைக் கட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "நீ போய் படைச்சிடும்மா" என்று கோயில் பக்கம் நடந்தார். படையலுக்கு வரவில்லை.

அடுத்த நாளே நான் அலுவலகத்துக்குப் போய் அதிகாரியிடம் கைப்பேசியைக் காட்டினேன். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டு வழி இருப்பதையும் சேர்த்துத்தான். அவர் பொறுமையாகப் பார்த்தார். கடல் ஏறும் நேர அட்டவணையையும் தேடி எடுத்துப் பார்த்தார்.

"தண்ணி ஏறினா சுத்திப் போய்த்தானே ஆகணும். ரெண்டுல எந்த ரோடா இருந்தாலும் பரவால்லக்கா, வேலையிடத்துக்குத்தான் போகுது. ஆனா கோயிலுக்குப் போனாருன்னு குடும்பத்துலயே ஒருத்தரு சொல்லியிருக்காரு. அவரே வந்து, தெரிஞ்சு சொன்னாரா, அவரா நெனச்சுக்கிட்டு சொன்னாரான்னு சொல்லணும். இல்லாட்டி இது நிக்காது."

மாமாவை நான் எப்படிக் கேட்பேன்? உங்கள் தம்பி உங்களைப் பார்க்க வரவில்லை என்று அரசாங்க அதிகாரியின் முன்னால் வந்து சொல்லுங்கள், எனக்கு மாதாமாதம் பணம் வேண்டும் என்றா? கேட்காவிட்டால் என் பிள்ளையின் சம்பளத்தில் காலமெல்லாம் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். வீட்டில் இருப்புக்கொள்ளாமல் ஒரு விடுமுறை நாளில் மகளோடு ரயிலேறி பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். அவள் வேலைக்குள் போய்விட்டாள். நான் பூக்கடைகளையும் புடவைக் கடைகளையும் தாண்டி, தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். பூக்காரர் ஒருவர், "அக்கா, என்ன தேடறீங்க?" என்று கேட்டே விட்டார். என்ன சொல்ல? ஒரு முழம் மல்லிகை வாங்கினேன். தலையில் வைக்கக் கூடாது என்று பிறகுதான் நினைவு வந்தது. வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை மாமாவே போன் செய்தார். மகள் சொல்லியிருக்கிறாள். "அந்த ஆபீஸ் எங்கம்மா இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

வெள்ளைச் சட்டை போட்டு, முகம் மழித்து, பேரம் பேசப் போகிறவர் போல விறைப்பாக வந்தார். நம்பர் கூப்பிடும்வரை அவர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் இயந்திரத்துக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

உள்ளே போனதும் அதிகாரி பழைய வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். அவ்ளோ பக்தி அவனுக்கு என்பதுவரை அதில் இருந்தது.

"ஐயா, கோயிலுக்கு வர்றேன்னு தம்பி உங்ககிட்ட சொன்னாரா?"

"இல்ல."

"அவரு அன்னிக்கு கோயிலுக்குத்தான் வந்தாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மாமா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன். அவர் என்ன சொல்லிவிடுவாரோ என்ற பயமும், சொல்ல வேண்டாமே என்ற பரிதாபமும் எனக்குள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டன.

"தெரியாது தம்பி. நானா நெனச்சுக்கிட்டது. அவன் எங்கூடப் பேசி ரெண்டு வருஷம் ஆச்சு. நான்தான் நாலு பேர் முன்னாடி மைக்கில ஒரு வார்த்தை சொல்லிட்டேன்." குரல் உடைந்தது. தண்ணீர் கொண்டுவரச் சொல்லவா என்று அதிகாரி கேட்டார். வேண்டாம் என்று கையை ஆட்டினார். "என்னைப் பாக்க வரல. எழுதிக்குங்க. வேலைக்குத்தான் போனான்."

அதிகாரி எழுதினார். மாமா கையெழுத்துப் போட்டார். மீதி எல்லாம் சரியாக இருக்கிறது, இனி தடை இருக்காது அக்கா என்று சொல்லி அதிகாரி எழுந்து நின்று எங்களை அனுப்பினார். நான் இத்தனை நாள் எதற்காக அலைந்தேனோ அது கிடைத்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

வெளியே படிக்கட்டில் மாமா கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, தண்ணி ஏறினா சுத்திப் போறதுக்கு ரெண்டு ரோடு இருக்கு" என்றேன்.

அவர் நின்றார்.

"முதல் சந்துதான் குறுக்கு. முக்காவாசிப் பேரு அதுலதான் போறாங்க. உங்க கோயில் ரோடு இன்னும் சுத்து. அவரு அந்த ரோட்டுலதான் போயிருக்காரு."

"ஏன்?"

"தெரியல மாமா. சந்துல குண்டும் குழியுமா இருக்கும், அதனாலயும் இருக்கலாம். எனக்குத் தெரியல. ஆனா வேலைக்கு நேரமாச்சுன்னா ஒரு நிமிஷம்கூட விடாத மனுஷன் அவரு. உங்களுக்கே தெரியும்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேனா என்று பார்த்தார் போலும். எனக்குப் பொய் வராது என்பது அவருக்கும் தெரியும்.

"சுத்துதானே?" என்றார்.

"சுத்துதான் மாமா."

"நல்லா தெரியுமா?"

"நான் வண்டியில போய்ப் பார்த்தேன்."

மாமா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வெள்ளைச் சட்டையைப் பற்றிக்கூடக் கவலைப்படவில்லை. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். துக்க வீட்டில்கூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒதுங்கிப் போனார்கள். நானும் பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க வேண்டும் என்று எனக்கு வெகுநேரம் தோன்றவில்லை.